புள்ளியும் கண்ணியும்

ஒரு கம்பளிச் சட்டையைப் பின்னத் தொடங்குமுன் ஒரு சிறு சதுரத்தைப் பின்ன வேண்டும். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சதுரம். அதை நனைத்து, இழுக்காமல் விரித்துக் காயவைத்து, அளவுகோலை வைத்து எண்ண வேண்டும். என் நூலுக்கும், 4 மில்லிமீட்டர் ஊசிக்கும், என் கையின் இறுக்கத்துக்கும் 10 சென்டிமீட்டர் அகலத்தில் 22 கண்ணிகள் விழுகின்றன. 10 சென்டிமீட்டர் உயரத்தில் 30 வரிசைகள். இதே நூல் வேறொருத்தியின் கையில் 20 ஆகவோ 24 ஆகவோ விழும். கையெழுத்தைப் போலத்தான் இதுவும்.

சட்டையின் எல்லாக் கணக்கும் இந்த இரண்டு எண்களிலிருந்து புறப்படுகிறது. மார்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மூச்சு விடவும் கை தூக்கவும் 8 சென்டிமீட்டர் தளர்வு. ஆக 98. கண்ணியாக மாற்றினால் 215.6. அரைக் கண்ணி என்று ஒன்று உலகத்தில் இல்லை. போடவேண்டிய பூவேலை 12 கண்ணிக்கு ஒருமுறை திரும்ப வருவதாக இருந்தால் 216 சரியாகப் பொருந்தும், பதினெட்டு முறை. இது இனிமையான வேளை. ஆனால் அதே சட்டையை 98 சென்டிமீட்டர் மார்புக்கு எழுதப்போனால் 233 வருகிறது. 12ஆல் வகுபடும் எண் 228 அல்லது 240. முன்னது பிடிக்கும், பின்னது தொளதொளக்கும். இரண்டு அக்குளுக்கும் கீழே மும்மூன்று கண்ணிகளைப் பூவேலை இல்லாமல் வெறுமையாக விட்டு 234 ஆக்கலாம். அப்படி விட்டால் கையைச் சேர்க்கும் இடத்தில் அந்த வெறுமை எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டும். ஐந்து அளவுகளுக்கு எழுதினால் இப்படி ஐந்து சட்டைகளின் கணக்கு.

நீலகிரியில் ஒரு கல்லூரியில் பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். நான் பின்னுவேன் என்பது உடன் பணிபுரிபவர்கள் எல்லோருக்கும் தெரியும். குன்னூர் – உதகைப் பேருந்தில் என்னோடு வருபவர்களுக்கு அது பழகிய காட்சி. ஆனால் நான் பின்னலுக்கு வடிவம் எழுதுகிறேன் என்றால், "அதான் பின்னுறீங்களே, மேடம்" என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு பெண்ணுக்கு எந்த வகை வேலை அனுமதிக்கப்படுகிறது, எது அனுமதிக்கப்படுவதில்லை என்பதும் அந்த வேறுபாட்டுக்குள்ளேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பின்னுவது துண்டு துண்டான நேரத்துக்கென்றே அமைந்த வேலை. மேற்சொன்ன சட்டையில் கைக்குழிவரை 38 சென்டிமீட்டர், அதாவது 114 வரிசை. வரிசைக்கு 216 கண்ணி. மொத்தம் 24,624. நிமிடத்துக்கு முப்பது கண்ணி என்ற என் வேகத்தில் பதினான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பதினான்கு மணி நேரம் எந்தக் குடும்பத் தலைவிக்கும் கிடைக்காது. ஆனால் நூறு ஏழு நிமிடங்கள் கிடைக்கும். குக்கரின் மூன்றாவது விசிலுக்கு ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வரும்போது துணியே விட்ட இடத்தைக் காட்டும். மகளின் டியூஷன் வாசலிலும், பல் மருத்துவரின் வரவேற்பறையிலும், முடிவே இல்லாத துறைக் கூட்டத்திலும் பின்னலாம் (தேர்வறைக் கண்காணிப்பில் மட்டும் முடியாது, அங்கே நம்முடைய கண்ணுக்குத்தான் சம்பளம்).

வடிவம் எழுதுவது அப்படியில்லை. கைக்குழியின் வளைவும் கையின் மேல்வளைவும் ஒன்றோடொன்று பொருந்தும்படி எந்த வரிசையில் எத்தனை கண்ணி குறைப்பது என்று கணக்கிட்டுக்கொண்டிருக்கும்போது, "அம்மா, ஜியாமெட்ரி பாக்ஸ் எங்கே?" என்றொரு குரல் வந்தால் தீர்ந்தது. எழுந்து தேடிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் தாள் இருக்கும், பென்சில் இருக்கும், கணக்கு இருக்காது. மனத்தில் ஒரே நேரத்தில் ஏந்தியிருந்த ஏழெட்டு எண்கள் கலைந்துபோயிருக்கும். இதற்கு வேண்டியது இரண்டு மணி நேரம், தொடர்ச்சியாக, கதவு சாத்தி. பதினான்கு மணி நேரத்தைத் துண்டுகளாக விட்டுக்கொடுக்கும் வீடு இந்த இரண்டு மணி நேரத்தை முழுதாக விட்டுக்கொடுக்கத் தயங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. கையில் ஊசியோடு இருப்பவள் வேலை செய்கிறாள் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரிகிறது. அவள் கை அசைகிறது, துணி வளர்கிறது, அது பிள்ளைக்கோ கணவனுக்கோ ஆகப்போகிறது. கட்டம் போட்ட தாளையும் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருப்பவள் சும்மா இருக்கிறாள். எங்கள் வீட்டில் யாரும் கொடுமைக்காரர்கள் அல்லர். என் கணவர் கோவையில் வங்கியில் இருக்கிறார்; சனிக்கிழமை இரவு வந்து திங்கள் அதிகாலை இறங்கிப்போகிறவர், ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் பாதியைத் தாமே செய்பவர். அவரும்கூட நான் பின்னிக்கொண்டிருக்கையில் பேச்சுக் கொடுக்க யோசிப்பார், "எண்ணிட்டிருக்கியா?" என்று கேட்பார். தாளோடு உட்கார்ந்திருக்கையில் யோசிக்காமல் கேஸ் புக் பண்ணியாயிற்றா என்று கேட்பார்.

நான் பிறந்து வளர்ந்தது திருப்பூரில். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் பிரிவில் இருந்தார். வட்டமாகச் சுழலும் இயந்திரத்தின் விளிம்பில் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஏறி இறங்க, குழாய் போலத் துணி கீழே வழிந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டுச் சோற்றுக்கூடையை எடுத்துவரப் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பனியன் துணியை உருப்பெருக்கியில் பார்த்தால் நான் இன்று இரண்டு ஊசிகளால் பின்னுவதும் அதுவும் ஒன்றே என்பது விளங்கும்: ஒரு கண்ணிக்குள்ளிருந்து வெளிவரும் இன்னொரு கண்ணி. வேறுபாடு அடுத்த கட்டத்தில். அங்கே துணியைக் கத்தரித்துத் தைப்பார்கள். கைப்பின்னலில் பெரும்பாலும் கத்தரிக்கோலுக்கு வேலையில்லை. கண்ணியைக் கூட்டியும் குறைத்துமே தோளும் கழுத்தும் உருவாக வேண்டும். ஆகவே இங்கே கணக்கு துணிக்குள்ளேயே இருக்கிறது.

திருப்பூரில் எனக்கு அன்று புரியாத ஒன்று இன்று புரிகிறது. அத்தனை பெரிய ஊரில், அத்தனை கைகள் உழைத்த இடத்தில், வடிவம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. ஆர்டர் கொடுப்பவர் மாதிரியும் அளவுப் பட்டியலும் அனுப்புவார். சாம்பிள் ஒப்புதலானபின் இயந்திரம் ஓடும். அப்பாவுக்கு நூலின் குணம் விரல் நுனியில் தெரியும். ஆனால் எந்தச் சட்டை எப்படி இருக்க வேண்டும் என்று அவரை யாரும் கேட்டதில்லை. மலைக்கு வந்தபின் எனக்குப் பின்னல் கற்றுத்தந்த பக்கத்து வீட்டு அம்மையார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, பிஸ்கட் டப்பா நிறைய ஆங்கிலப் பெண்கள் இதழ்களிலிருந்து கத்தரித்த தாள்களை வைத்திருந்தார். மிக நேர்த்தியாகப் பின்னுவார். தாளில் இல்லாத அளவு கேட்டால் மட்டும், "அந்த சைஸுக்கு நம்மகிட்ட பேப்பர் இல்லையே" என்பார். கை இங்கே, வடிவம் வேறெங்கோ. அவர் அறிவில் எந்தக் குறையும் இல்லை. நாற்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர். தாளை எழுதுபவர் வேறு சாதி மனிதர் என்ற எண்ணம் எப்படியோ படிந்துவிட்டிருந்தது.

இந்த எண்ணத்தை உடைத்தவர்களில் முதன்மையானவர் எலிசபெத் சிம்மர்மன். இங்கிலாந்தில் 1910இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். மூன்று குழந்தைகளின் தாய். 1950களில் அவர் வட்டமாகப் பின்னும்படி எழுதிய ஒரு வடிவத்தை ஓர் இதழ் தட்டையாகப் பின்னும்படி மாற்றி அச்சிட்டது. இனித் தாமே எழுதித் தாமே அனுப்புவது என்று சொந்தமாகச் செய்திமடல் தொடங்கினார். 1971இல் வெளிவந்த ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ நூலில் அவர் தரும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. உடலின் சுற்றளவுக் கண்ணிகளை நூறு விழுக்காடு என்று வைத்துக்கொள். மணிக்கட்டு அதில் 20 விழுக்காடு, மேற்கை மூன்றில் ஒரு பங்கு, கழுத்து 40. என் 216க்கு மேற்கை 72, மணிக்கட்டு 43ஐ ஒட்டி, கழுத்து 86. எந்த நூலுக்கும் எந்த ஊசிக்கும் எந்த உடம்புக்கும் இதே விகிதம். அதாவது அவர் தந்தது ஒரு சட்டையை அல்ல, யாப்பை. வெண்பாவின் இலக்கணம் தெரிந்தவன் எந்தப் பொருளிலும் வெண்பா பாடலாம் என்பது போல. பத்துப் பக்கக் குறிப்புகளை வரிவரியாகப் பின்தொடர்ந்தவர்களுக்கு இந்த நான்கு எண்கள் எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

தமிழ் படித்தவள் நன்னூலை நினைக்காமல் இதைக் கடக்க முடியாது. ஓர் இலக்கண நூலுக்கு ‘நூல்’ என்று ஏன் பெயர் வந்தது என்பதற்குப் பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நூற்பை உவமையாக்கி விளக்கம் சொல்கிறார். சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், அவள் கை இவன் வாய், அவள் கதிர் இவன் அறிவு. வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் மாணவிகள் மகிழ்ச்சி அடைவார்கள். எனக்கும் பிடித்த பாடல்தான். ஆனாலும் ஒரு சிறு உறுத்தல். உவமைக்கு நூற்கிறவள் வேண்டியிருந்தாள். அவள் எத்தனை நம்பர் நூல் நூற்றாள், எந்தத் துணிக்கு எந்த முறுக்கு என்று எப்படித் தீர்மானித்தாள் என்பதை எழுதிவைக்க ஒரு நூற்பா யாருக்கும் தேவைப்படவில்லை.

எழுதப்படாத அந்த அறிவு முற்றிலும் அழிந்துவிடவில்லை. குறிப்புகளாக எங்கெங்கோ இருக்கிறது. எங்கள் வீட்டில் அது என் அத்தையின் கோல நோட்டில் இருந்தது. (கணவரின் தாயாரைச் சொல்கிறேன்.) தஞ்சை மாவட்டத்துக்காரர். எழுபத்து நான்கு வயதில், முழங்கால் வலியால் குனிந்து கோலம் போட முடியாமல், மலையின் ஈரத் தரையில் மாவு நிற்பதில்லை என்று அலுத்துக்கொண்டு எங்களோடு இருக்கிறார். அந்த நோட்டில் ஒவ்வொரு கோலத்துக்கும் மேலே ஒரு குறிப்பு: ‘15 – 8 இடைப்புள்ளி’, ‘7 – 7 நேர்ப்புள்ளி’. இதைவிடச் சுருக்கமான வடிவக் குறிப்பை நான் எந்த மொழியிலும் கண்டதில்லை. 15 – 8 இடைப்புள்ளி என்றால் நடுவரிசையில் பதினைந்து புள்ளி; மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து எட்டில் முடியும்; ஒவ்வொரு வரிசையின் புள்ளியும் முந்தைய வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே விழும். பதினைந்து வரிசை, 169 புள்ளி, அறுகோண வடிவம். எல்லாம் இரண்டு எண்ணிலும் ஒரு சொல்லிலும் அடங்கிவிட்டன. 1974இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் கோலத்தைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு பொருத்தி ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டபோது, அவர்கள் புதிதாக ஒன்றைக் கோலத்தின்மேல் ஏற்றவில்லை. இலக்கணம் அதற்குள் இருந்தது.

அந்த நோட்டிலிருந்த ‘5 – 3 இடைப்புள்ளி’ சிக்குக் கோலம் ஒன்றை ஒரு சட்டையின் மார்பில் கொண்டுவரலாம் என்று தோன்றியது. பத்தொன்பது புள்ளிகள். ஒரே கம்பி எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேரும். சொன்ன உடனே எல்லோரும், "அட, ஒரே கோட்டில் கோலம், ஒரே நூலில் சட்டை!" என்று வியந்தார்கள். கவிதைக்கு நல்ல பொருத்தம், கைக்கு அப்படியில்லை. பின்னலில் நூல் குறுக்காக ஓடுகிறது. கண்ணிகள் கீழிருந்து மேலாக அடுக்கப்படுகின்றன. துணியின்மேல் நமக்குக் கோடாகத் தெரிவது அந்தக் கண்ணிகளின் அடுக்கே தவிர நூலின் பாதை அல்ல. கோலத்தின் கம்பி எந்தத் திசையிலும் போகும். பின்னலின் கோடு மேல்நோக்கி மட்டுமே போகும். படுக்கையாகப் போகவே போகாது.

முதலில் வண்ணத்தில் யோசித்தேன். நீலத் தரையில் வெள்ளைக் கோடு. கண்ணியின் அகலம் உயரத்தைவிட அதிகம். சாதாரணக் கட்டத்தாளில் 30க்கு 30 என்று வரைந்த வட்டம் துணியில் 13.6 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாகச் சப்பையாகிவிடும். அடுத்து, பின்னுகிறவர்கள் ‘கேபிள்’ என்னும் கயிற்றுப் பின்னல். சில கண்ணிகளைத் துணை ஊசியில் எடுத்து முன்னாலோ பின்னாலோ நிறுத்திவைத்து, அடுத்தவற்றை முதலில் பின்னினால் ஒன்று மற்றொன்றின்மேல் ஏறிக் கடக்கும். இதில் கோடு இரண்டு வரிசைக்கு ஒரு கண்ணி என்று சாய்வதால் செங்குத்தாக ஏறுகிறது. வண்ணத்தில் சப்பையாவது இங்கே நெட்டையாகிறது. நேர்ப்புள்ளிக் கோலத்தைப் போட்டால் குத்துவிளக்கு மாதிரி நீண்டுவிடும். இடைப்புள்ளிக் கோலத்துக்கு அந்தச் செங்குத்துச் சாய்வு ஏறக்குறையப் பொருந்துகிறது. இந்த ஒரு செய்தி எனக்குப் பல இரவுகளுக்கு ஈடானது.

கோலக் கம்பி மேலே போய் வளைந்து கீழே திரும்பும் இடம் அடுத்த சிக்கல். மூடிய வளையம் ஒன்றுமில்லாத இடத்தில் தொடங்கி ஒன்றுமில்லாத இடத்தில் முடிய வேண்டும். சுவீடனைச் சேர்ந்த எல்ஸபெத் லாவோல்ட் பழைய வைக்கிங் சிற்ப வேலைகளைப் பின்னலில் கொண்டுவர முயன்றபோது இதற்கொரு வழி கண்டார். ஒரே கண்ணியிலிருந்து ஒரே இடத்தில் பல கண்ணிகளைப் பெருக்கி இரு கோடுகளாகப் பிரியவிடுவது. மேலே சந்திக்கையில் அவற்றை ஒன்றாகச் சேர்த்து அடைப்பது. அந்த முறையால் கோலம் மூடிக்கொண்டது.

இந்தக் கணக்கெல்லாம் சனிக்கிழமை மதியங்களில் நடந்தன. ஒரு மதியம் அத்தை உள்ளே வந்து தாளைப் பார்த்தார்.

"என்னம்மா இது, புள்ளி வெச்சிருக்க? அஞ்சு மூணா?"

"ஆமாம் அத்தை. உங்க நோட்டுல இருந்துதான்."

சற்று நேரம் பார்த்துவிட்டு, "இங்க ரெண்டு கம்பி குறுக்க போறதே, எது மேல, எது கீழ?" என்று கேட்டார். தரையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. மாவுக் கோட்டுக்கு மேலும் கீழும் இல்லை. நூலுக்கு உண்டு. எந்தச் சிக்குக் கோலத்தையும் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறிமாறி வரும்படி அமைத்துவிட முடியும். முடிச்சுகளை ஆராயும் கணிதத்தில் அது நிறுவப்பட்ட ஒன்று. அத்தைக்கு அந்தக் கணிதம் தெரியாது. பென்சிலை வாங்கி, ஓர் இடத்தில் தொடங்கி விரலால் கம்பியைத் தொடர்ந்துகொண்டே ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு குறி இட்டார். முடிந்தபோது எல்லாம் சரியாக மாறிமாறி வந்திருந்தன. "பாய் முடையற மாதிரிதானே" என்றார்.

அன்றிலிருந்து அவர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கினார். பிள்ளைகள் வந்தால், "அம்மா கோலம் போட்டுட்டிருக்கா, அப்புறம் வா" என்று திருப்பி அனுப்புவார். என் கணவர் கேட்டபோதும் அதே பதில். அந்த இரண்டு மணி நேரம் எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் கோலம் என்ற பெயர் இல்லாமல் வெறும் கணக்காக இருந்திருந்தால் அந்த நாற்காலி போடப்பட்டிருக்குமா என்று கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. அத்தையிடமே ஒருநாள் கேட்டேன். "கணக்குன்னா எதுக்கு நான் காவல் இருக்கணும்? கணக்கு யாருக்கோ. கோலம்னா வீட்டுக்கு" என்றார். அவர் ஒளிவுமறைவு இல்லாதவர். சதுரத்தில் பின்னிய கோலத்தைக் காட்டியபோதும் அப்படித்தான். தடவிப் பார்த்து, "வளைவெல்லாம் ஏன் மூக்கு மாதிரி முட்டிண்டு நிக்கறது?" என்று முதலில் குற்றம் கண்டார். (உண்மை. ஒன்றிலிருந்து பெருக்கித் தொடங்கும் வளையத்துக்கு அந்தக் கூர்மை உண்டு.) பிறகு, "கோலம்னா மிதிபடணும், சாயங்காலத்துக்குள்ள அழியணும். நாளைக்கு வேற போடணும். இதை நீ அழியவே விடாம பண்ணிட்டியே" என்றார். பாராட்டா, புகாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கல்லூரியில் இதற்கு வேறு வகையான கேள்வி. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளையும் கருத்தரங்குகளையும் புள்ளிக்கணக்கில் சேர்க்கும் காலம் வந்த பிறகு, நண்பர் ஒருவர் உண்மையான அக்கறையோடு, "இதுக்கு எத்தனை புள்ளி மேடம்?" என்றார். பத்தொன்பது என்றேன்.

வடிவத்தை எழுதி முடித்ததும் எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி வந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் பின்னல்காரர்களின் இணையச் சந்தையான ரேவல்ரியில் வைக்கலாம். 2007 முதல் இயங்கும் தளம் அது. நான் தமிழில் எழுதினேன். காரணம் மொழிப்பற்று என்று சொன்னால் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் காரணம் ஒரு மாணவி. இரண்டாமாண்டு தமிழ் படிக்கும் பெண். தாயார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். மாலையில் ஒரு கடைக்காகக் குழந்தைகளின் தொப்பி, காலுறை, சட்டை பின்னித் தருபவர். செட்டுக்கு இவ்வளவு என்று கூலி. நூல் கடையுடையது. (‘உல்லன்’ என்று எல்லோரும் சொல்கிறோம்; லூதியானாவிலிருந்து வரும் அந்த உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக்தான்.) வடிவமும் கடையுடையதே. ஒரே அளவு, ஒரே சட்டை, ஆண்டுக்கணக்காக. "அம்மாவுக்குத் தமிழ் நல்லா வாசிக்க வரும்மா. அந்த இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும்தான் புரியாது" என்றாள் மாணவி.

தமிழில் எழுதப்போனால் கலைச்சொற்கள் என்னும் பழைய புதைகுழி. இங்குள்ள பெண்கள் ‘பிளெயின்’, ‘பர்ல்’ என்றே சொல்கிறார்கள். அவற்றுக்கு ஈடாகச் சொல் உருவாக்கலாம். நம்மில் பலருக்கு அது பொழுதுபோக்கு. நான் தொடவில்லை. வாயில் புழங்கும் சொல்லைப் பிடுங்கிவிட்டு, நாம் செய்த சொல்லைக் கையில் கொடுப்பது யாருக்கும் உதவாது. ஆனால் ஊசியில் நிற்கும் அந்த வளையத்துக்குக் கண்ணி என்ற சொல் தானாகவே வந்து அமர்ந்தது. வலையில் இருப்பது கண்ணி. பறவைக்கு வைப்பது கண்ணி. சங்கப் பாடல்களில் தலையில் சூடும் பூந்தொடை கண்ணி. தாயுமானவர் பராபரத்தை நோக்கி இரண்டிரண்டு அடியாகப் பாடியதும் கண்ணி. அந்தத் தாயாரிடம் வாசித்துக் காட்டியபோது அவர் எங்குமே நின்று பொருள் கேட்கவில்லை.

நான் எதிர்பாராத இன்னொரு வசதியும் தமிழில் இருந்தது. ஆங்கிலக் குறிப்பில் செயல் முதலில் வரும், நிறுத்த வேண்டிய இடம் பிறகு வரும்: பின்னிக்கொண்டே போ என்று தொடங்கி, எதுவரை என்பதைக் கடைசியில் சொல்லும். தமிழில் ‘ஊசியில் 3 கண்ணி மீதி இருக்கும்வரை பிளெயின் பின்னவும்’ என்றுதான் எழுத வரும். எங்கே நிற்க வேண்டும் என்பது கை புறப்படுமுன்பே காதில் விழுந்துவிடுகிறது. வினை இறுதியில் வரும் மொழி என்று முதலாண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லித் தருகிறேன். அது கைவேலைக்கு இப்படி உதவும் என்று எந்த இலக்கண உரையிலும் படித்ததில்லை.

ஆறு பக்கங்கள். ஜெராக்ஸ் எடுத்து மாணவியிடம் கொடுத்தனுப்பினேன். கோலச் சட்டை ஒன்றும், சிம்மர்மனின் விகிதங்களை விளக்கும் ஒரு பக்கமும், கட்டத்தாள் இரண்டும். ஒரு மாதம் பேச்சு மூச்சில்லை. கொழுந்து அதிகமாக வரும் பருவம். கேட்கவும் கூச்சமாக இருந்தது.

போன வாரம் மாணவி தன் யாப்பிலக்கண நோட்டுக்குள்ளிருந்து மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். தாயாரின் கையெழுத்து, பெரிய, அழுத்தமான எழுத்துகள். ஒரு வயதுக் குழந்தைக்கான முன்திறப்புச் சட்டை. ஐந்து மூன்றை விட்டுவிட்டு, நடுவிலிருக்கும் ஏழு புள்ளிகளை மட்டும், ‘3 – 2 இடைப்புள்ளி’ என்று எடுத்து, இரு முன்பக்கங்களிலும் ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார். மொத்தம் 120 கண்ணி, கைக்கு 40, மணிக்கட்டுக்கு 24. விகிதம் பிசகவில்லை. கழுத்துக்கு மட்டும் 48க்குப் பதில் 54 போட்டு, பக்கத்தில், ‘பிள்ளைக்குத் தலை பெரிசு’ என்று எழுதியிருக்கிறார். சிம்மர்மனைத் திருத்தியிருக்கிறார், திருத்தம் சரி.

வளையத்தின் தலைப்பில், நான் ‘5 கண்ணியைச் சேர்த்து 1 ஆக்கவும்’ என்று எழுதிய இடத்தில், அவர் வேறு ஏதோ செய்திருக்கிறார். ‘மடக்கிப் போடவும், இரண்டு தரம்’ என்று மட்டும் குறிப்பு. கூடவே ஒரு சிறு துண்டு பின்னி ஊக்கால் குத்தி அனுப்பியிருக்கிறார். அதில் வளைவு மூக்குப்போல முட்டவில்லை, வட்டமாகவே திரும்புகிறது. அத்தை அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எப்படிச் செய்தார் என்று இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை. பிரித்துப் பார்க்கலாம், பிரித்தால் மாதிரி போய்விடும். சனிக்கிழமை அவர்கள் லயத்துக்கே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அத்தையும் வருகிறேன் என்கிறார், முழங்கால் வலியோடு.